பேச்சுக்கு அளவு வந்த காம்பவுண்டு

எங்கள் காம்பவுண்டில் முதலில் தண்ணிக்கு அளவு வந்தது, அப்புறம் கரண்டுக்கு வந்தது, அப்புறம் ஒரம்பரை வந்தால் எத்தனை ராத்திரி தங்கலாம் என்பதற்கு வந்தது, இதற்கெல்லாம் நாங்கள் பழகிப்போய்ச் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நினைப்புக்கும் யோசனைக்கும் பேச்சுக்கும் அளவு வந்தது, அதுவும் வந்து மற்ற அளவுகளோடு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது, அன்றைக்கும் நல்ல தண்ணி வந்தது, அன்றைக்கும் ரங்கநாயகியக்கா தன் குடத்தை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறைகள் இருக்கிற பக்கம் போனால் இந்த மாதிரிக் காம்பவுண்டு நிறையப் பார்க்கலாம். ஒரே கூரை, அதற்குக் கீழே சுவர் சுவராகத் தடுத்து வரிசையாக வீடு. சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும், அதனால் ஒரு வீட்டில் மத்தி மீன் வறுத்தால் எல்லா வீட்டிலும் சோறு இறங்கும், ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் கடைசி வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும், ஒரு வீட்டுப் புருசன் பெண்டாட்டி சண்டைக்கு இன்னொரு வீட்டில் தீர்ப்பு ஆகும். ஆனாலும் வீட்டுக்காரர் அர்த்தநாரி ஐயா கதவுக்குக் கதவு வேறு வேறு பூட்டு வாங்கிப் போட்டுத் தனித்தனி வீடு என்றே வாடகைக்கு விட்டார், நாங்களும் தனித்தனி வீடு என்றே நம்பிக் குடியிருந்தோம்.

அவர் மகன் மௌலி காம்பவுண்டின் முகப்பில் இருக்கிற அவர்கள் மாடி வீட்டில் அதே தொழிலை ஏசி போட்டுச் செய்தான். படுக்கவைத்த சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, சர்வர் என்று பேர், சதா மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர் போட்டு, எங்கெங்கேயோ ஊரில் கடையும் கம்பெனியும் வைத்திருக்கிறவர்களுக்கு, இது உங்களுக்கே உங்களுக்கான தனிப் பெட்டி என்று வாடகைக்கு விட்டான். உள்ளே குடிவந்தவர்களில் ஒருத்தர் பேராசை பிடித்து இழுத்துக்கொண்டால் மற்றவர்கள் மூச்சு முட்டி நின்றுவிடுவார்களாம், அதனால் ஆளுக்கு மெமரி இவ்வளவு, பிராசசர் இவ்வளவு, பேண்ட்வித் இவ்வளவு என்று அளவு போட்டான், அதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரி ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இதைக் கீழயும் போடலாமாடா?" என்று கேட்டார். போடலாம் என்றான். போட்டான். எப்படிப் போட்டான் என்று எங்களைக் கேட்டால் என்ன சொல்வது? மோட்டார் எப்படித் தண்ணி ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டா குடம் நிரப்பினோம்?

தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரையும் கூட்டி நிறுத்தி மௌலி விளக்கம் சொன்னான்.

"மெமரின்னா நெனப்புங்க. பிராசசர்னா ரோசனை. பேண்ட்வித்துன்னா பேச்சு, வாயில போறதும் காதுல வர்றதும் ரெண்டும் சேத்தி. நெனப்பு நெறஞ்சுதுன்னா பழசு ஒண்ணு வெளிய போயி புதுசு உள்ள வரும். ரோசனை எச்சாப் பண்ணுனா மெதுவாயிரும். பேச்சு தீந்துதுன்னா மறுநா விடியற வரைக்கும் சொட்டுச் சொட்டாத்தான் வரும். அவ்வளவுதானுங்க, ஒண்ணும் பயப்படாதீங்க."

யாரும் பயப்படவில்லை. எதற்கு இந்த அளவு என்றும் யாரும் கேட்கவில்லை. இட்லி மாவு ஆட்டி விற்கிற ரங்கநாயகியக்கா மட்டும் முன்னால் வந்து, "ஏனுங் தம்பி, தொரைசாமியண்ணன் வூட்டுக்கு நடுத்தரம், எங்க வூட்டுக்கு என்னத்துக்குச் சின்னது?" என்று கேட்டாள்.

துரைசாமியண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "நான் பேசித்தான அம்மிணி பொழைக்கிறேன்" என்றார்.

"நாங்க என்ன ஊமைச்சியா? மாவுப் பாத்திரத்தத் தெருவுல வெச்சுட்டு வாய மூடிட்டு நின்னா ஈதான் வந்து வாங்கும்."

"உங்க வாய்க்குச் சின்னது போட்டதே காம்பவுண்டுக்கு நல்லது."

"உங்க வூட்டம்மாவக் கேளுங்க, யாரு வாயிக்குச் சின்னது போடணும்னு!"

இப்படியே போய், அளவு நியாயமா அநியாயமா என்பது ஒரு பக்கம் கிடக்க, யாருக்கு எச்சு யாருக்குக் கம்மி என்பதிலேயே எல்லாருடைய முதல் நாள் பேச்சும் தீர்ந்துபோனது. அர்த்தநாரி ஐயா மாடிப்படியில் நின்றுகொண்டு, எவ்வளவு சுலபம் பார்த்தாயா என்பது போல மகனைப் பார்த்தார். மாடி வீட்டுக்கு என்ன அளவு என்று யாருமே கேட்காததால் அவரே வலிய வந்து சொன்னார்: "எங்களுக்கு அன்லிமிடெட்."

எனக்கு வந்தது சின்னதிலும் சின்னது. புழக்கத்தைப் பார்த்துத்தான் அளவு போடுவது என்று மௌலி அதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தான். அன்னிய ஆம்பளை வாசலில் நின்றால் எனக்கு வாய் வராது, தண்ணி வரிசையில் என் முறையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாலே எனக்கு வாய் வராது, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று தலையை மட்டும் ஆட்டினேன். "துளசிமணியக்கா பொழக்கமே ஒண்ணுமில்ல, இவங்களுக்குப் போட்டா வீண்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அவன் போன பிற்பாடு நான் கதவைச் சாத்திக்கொண்டு என் மகளிடம் எவ்வளவு பேசுவேன் என்பது அவன் போனில் ஏறவில்லை. சுவருக்கு மேலே ஏறாத குரலில் பேசுவேன். பாப்பா, இது வெண்டைக்கா, இது முத்திப்போச்சு, கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான், நாளைக்கு நாம நுனிய ஒடிச்சுப் பாத்து வாங்கலாம் என்ன, என்று ஆரம்பித்தால் சோறு வடிக்கிற வரைக்கும் போகும். அவளும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளைக் காம்பவுண்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அளவோடு வாழ்வது எங்களுக்கு வெகு சீக்கிரம் கைவந்தது. துரைசாமியண்ணன் நடுத்தரத்தை மத்தியானத்துக்குள் பாலிசிக்காரர்களிடம் செலவழித்துவிட்டு வெறும் ஆளாக வீடு திரும்பினார், அவர் வீட்டம்மா கல்யாணமாகி முதல் தடவையாக நிம்மதியாகச் சீரியல் பார்த்தாள், சீரியலில் வருகிறவர்கள் பேசுவதும் காதில் விழுந்தால் கணக்கு என்பதால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவர்கள் அழுவதை மட்டும் பார்த்தாள், கதை ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றாள். ரங்கநாயகியக்கா காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் கை ஜாடையில் மாவு விற்று, சேர்த்துவைத்ததை எல்லாம் சாயங்காலம் ஒரே ஆள் மேல் கொட்டினாள், இன்றைக்கு யார் மேல் என்று தெரியாமல் மொத்தக் காம்பவுண்டும் விளக்கு வைக்கும்போதே கதவைச் சாத்தியது. நினைப்பு நிறைந்தவர்கள் எதை வெளியே விடுவது என்று தாங்களே பார்த்து விட்டார்கள், கொடுத்த வாக்கும் வாங்கின உதவியும்தான் முதலில் போனது, தன் மேல் தப்பு இருந்த சண்டை எல்லாம் போய் எதிராளி மேல் தப்பு இருந்த சண்டை மட்டும் மிஞ்சியது. ஓட்டுக் கேட்டு வந்தவர் போன தடவை சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டுப் போனார், எல்லாரும் புதுசாகக் கேட்கிற மாதிரியே கை தட்டினார்கள், ஆனால் அதற்கு அளவைக் குற்றம் சொல்லக் கூடாது, அளவு வருவதற்கு முன்பும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் செல்வராசு லேத்துக்குப் போகிறவர். யோசனையை எல்லாம் பட்டறையில் தீர்த்துவிட்டு வருவார். சாப்பிடறீங்களா என்று கேட்டால் சோறு ஆறினதுக்கப்புறம் ம் என்பார். இதிலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாப்பாவின் பேர் அவர் நினைப்பிலிருந்து என்றைக்கு வெளியே போனது என்றுதான் தெரியவில்லை, பட்டறைக்குப் புது மிசின் வந்த அன்றைக்காக இருக்கும், ஒரு நாள் தொட்டில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தார், மூடினார், அப்புறம் அவரும் பாப்பா என்றார். அன்றிலிருந்து நான் எதை வேண்டுமானாலும் போகவிட்டேன், படித்த அஞ்சு வகுப்பைப் போகவிட்டேன், என் ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்பதைப் போகவிட்டேன், கல்யாணத்தன்றைக்குக் கட்டின சேலையின் கலரைப் போகவிட்டேன், அந்த ஒரு பேரை மட்டும் உள்ளே முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஆனால் பேச்சுக்கு என்ன செய்வது? வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, கதவச் சாத்துங்க, ஆமாங்த்தை சரிங்த்தை என்று போனில் மாமியாருக்கு, இதிலேயே என் பங்கு தீர்ந்துவிடும். பாப்பாவுக்கு என்று உட்காரும்போது வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டுவேன், வாயில் ஒன்றும் வராது. அவள் என் வாயையே பார்ப்பாள். ரெண்டு வயசு தாண்டியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ம் என்று கூடச் சொல்லவில்லை. அங்கன்வாடி டீச்சர் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ளைகிட்ட நெறயப் பேசணும்மா, நீங்க பேசுனாத்தான் அது பேசும், இப்படியே உட்டீங்கன்னா வாய் கட்டிக்கும்" என்றார். அதைக் கேட்டதிலேயே அன்றைக்கு என் பங்கில் பாதி போய்விட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு எல்லாம் கையைக் காட்டினேன், மாமியார் போனை அடிக்கவிட்டேன், ஒரு நாள் முழுக்கச் சேர்த்ததை வாய் நிறைய வைத்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். தம்பி, என் பேச்சைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க, எனக்கில்லைங்க, என் பிள்ளைக்கு, என்று சொல்வதற்கு ஒத்திகை பார்த்திருந்தேன்.

மௌலி என்னைப் பார்த்ததும் சந்தோசமாகிவிட்டான். அளவில்லாத பேச்சு இருக்கிறவனுக்கு அளவுள்ளவர்கள் யாரும் நின்று காது கொடுப்பதில்லை.

"வாங்க்கா வாங்க்கா! அளவு கூட்டத்தான வந்தீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. பொட்டிக்குள்ள இருக்கறத விட எச்சாத்தான் பிரிச்சு வித்துருக்கறேன். எப்புடீன்னு கேக்கறீங்களா? எல்லாரும் ஒட்டுக்காக் கேக்க மாட்டாங்க! அப்பா தண்ணித் தொட்டி கட்டுன மாதிரித்தான், காம்பவுண்டே ஒரே நேரத்துல குளிக்குமா? குளிக்காது. ஒருத்தன் பொழங்காம உட்டது இன்னொருத்தனுக்குத் தானாப் போயிரும், அவனும் நம்முளுது பெருசாட்டிருக்குதுன்னு நெனச்சுக்குவான்..."

அவன் பேசினான். சர்வர் வந்த கதை, டில்லிக்காரன் ஒருத்தன் மெமரியை இழுத்த கதை, அவனை இவன் அடக்கின கதை. கேட்பதும் கணக்கு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்குள் சேர்த்துவைத்தது ஒவ்வொன்றாகக் கரைந்து போவது தெரிந்தது. அவன் மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில் நான் அவசரமாக வாயைத் திறந்தேன்.

"பாப்..." என்றுதான் வந்தது.

"பாப்பாவா?" மௌலி போனைத் தட்டிப் பார்த்தான். "பாப்பாவ நான் கணக்குலயே எடுக்கலீங்க்கா. அதுக்கு ஒண்ணும் போடல."

உள்ளேயிருந்து அர்த்தநாரி ஐயாவின் குரல் வந்தது. "வூடு கேட்டு வரும்போது ரெண்டு பேருன்னுதான அம்மிணி சொன்னீங்க? பொறவு பெத்துக்கிட்டதுக்கெல்லாம் நாங்க பொறுப்பா? அதுக்குன்னு தனிக் கொடம் குடுத்தமா? கொழந்தையெல்லாம் ஒரு ஆளா?"

நான் இறங்கி வந்துவிட்டேன். படியில் பாப்பா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கையைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

கொஞ்ச நாளில் மௌலிக்குப் பெண் அமைந்தது. ஈரோட்டுப் பக்கம் பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீடு. நிச்சயம் நம்ம காம்பவுண்டு வாசலிலேயே பந்தல் போட்டு என்று ஆனது. விசேசத்தன்றைக்கு எங்கள் தண்ணியை நிறுத்தி மேலே ஏற்றிக்கொள்வது எப்போதும் இருக்கிற வழக்கம்தான், இந்தத் தடவை பேச்சையும் அப்படியே செய்தார்கள். "சம்பந்தி வூட்டுக்காரங்க நெறயப் பேசறவங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்க பேச்ச எல்லாம் நிறுத்தி வெக்கிறோம், எல்லாரும் வந்து உக்காந்து சாப்புட்டுப் போங்க" என்றார் அர்த்தநாரி ஐயா. அதிலும் ரங்கநாயகியக்காவுக்கு ஒரு சந்தோசம், துரைசாமியண்ணனுடையதும் நின்றதே என்று.

அப்படியாக மொத்தக் காம்பவுண்டும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக வாயடைத்து உட்கார்ந்திருந்தது. வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தோம். பன்னீர் தெளித்தோம். பெண் வீட்டார், குடித்தனக்காரர்கள் எல்லாம் எவ்வளவு அடக்கமானவர்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். பெண்ணின் அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார், தட்டு எல்லாம் நடுவில் வைத்தார்கள், பழம், வெற்றிலை, பட்டு. ஒரு தட்டில் காய்கறி ஜோடித்து வைத்திருந்தார்கள்.

என் மடியில் இருந்த பாப்பா அந்தத் தட்டைப் பார்த்தாள். அப்புறம் என் வாயைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்தது.

"அம்மா" என்றாள்.

எனக்குக் காதா மனசா என்று தெரியவில்லை. அவள் என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வெண்டைக்கா. முத்திப்போச்சு. கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான்."

நான் சுவருக்கு மேலே ஏறாமல் சொன்னது எல்லாம் அப்படியே உள்ளே இருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை. பெண் வீட்டார் சிரித்தார்கள், பாப்பா என்ன அழகாகப் பேசுகிறது என்றார்கள். அவளும் நிறுத்தவில்லை. ஆளில்லை என்று கணக்கில் எடுக்காத பிள்ளைக்கு அளவு என்று ஒன்று போடவே இல்லை, அளவு போடாத ஆளுக்குப் பெட்டியில் மிஞ்சினது எல்லாம் தானாகப் போகும், அன்றைக்குக் காம்பவுண்டு முழுக்கப் பேச்சு மிஞ்சிக் கிடந்தது. ரங்கநாயகியக்காவின் வசவு முழுக்க அட்சரம் பிசகாமல் வந்தது, துரைசாமியண்ணனின் "நாளைக்கே நீங்க போயிட்டீங்கன்னா குடும்பம் என்னாகும் சார்" வந்தது, நாங்கள் மறந்துபோன வாக்கும் வாங்கின உதவியும் யார் யாருக்கு யார் யார் என்று வரிசையாக வந்தது, ரங்கநாயகியக்கா தன் பிரசவத்துக்கு ராத்திரியில் ஆட்டோ பிடித்தது துரைசாமியண்ணன்தான் என்பது ஞாபகத்துக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள். கீழே உள்ளது தீர்ந்ததும் பாப்பா நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

அர்த்தநாரி ஐயா சமாளித்துக்கொண்டு சம்பந்தியிடம், "நாம தட்டு மாத்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைத் தடவினார். அன்லிமிடெட் என்றால் மிஞ்சினது எல்லாம் என்றுதான் அர்த்தம், மிஞ்சினது ஒன்றும் இல்லை.

பாப்பா அவர் குரலிலேயே சொன்னாள். "பொண்ணு சுமாருதான்டா. கடை நல்ல கடை."

பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

பாப்பா மௌலியின் குரலில் சொன்னாள். "பொட்டிக்குள்ள இருக்கறத விட எச்சாத்தான் பிரிச்சு வித்துருக்கறேன். எல்லாரும் ஒட்டுக்காக் கேக்க மாட்டாங்க."

"தம்பி" என்றார் பெண்ணின் அப்பா, "எங்க கடைக் கணக்குப் பூராவும் உங்க பொட்டியிலதான குடியிருக்குது?"

மௌலி பதில் சொல்ல வாயைத் திறந்தான். பேச்சு மட்டுமில்லை, நினைப்பும் யோசனையும்கூட அவளிடம் போய்க்கொண்டிருந்தது. எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான், அவள் பேர் அவனுக்கு வரவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது, பெண்ணுக்கும் தெரிந்தது, அவள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். தட்டு மாற்றாமலேயே எழுந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுகிறவர்கள் இல்லை.

மௌலி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். பாப்பாவுக்கு அளவு போட வேண்டும். போட வேண்டுமென்றால் பேர் வேண்டும், பேர் அடிக்காமல் அந்தப் போன் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒவ்வொரு எழுத்தாகச் சொட்டியது.

"பே... ர்?"

காம்பவுண்டே திரும்பியது. ரங்கநாயகியக்கா யோசித்துப் பார்த்தாள், தெரியாது. துரைசாமியண்ணன் உதட்டைப் பிதுக்கினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அர்த்தநாரி ஐயா என் முன்னால் வந்து, இத்தனை வருசத்தில் முதல் தடவையாக என்னைக் கை எடுத்துக் கும்பிட்டார்.

அப்போது பாப்பா மூச்சு வாங்க நிறுத்தியிருந்தாள். அந்த இடைவெளியில் எனக்கு ஒரு வார்த்தை அளவுக்குப் பேச்சு வந்து நாக்கில் உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று. பேர் சொல்லச் சரியாக இருக்கும்.

வாயில்லாதவள் என்று எனக்குத்தான் முன்பே பேர் உண்டே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய், என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அளவு இப்போதும் இருக்கிறது. பாப்பா விழித்திருக்கிற வரைக்கும் அவள் பேசுவாள், நாங்கள் கேட்போம், அவள் தூங்கினால்தான் மற்றவர்களுக்குப் பேச்சு வரும். அதனால் மத்தியானம் ஆனால் ஆளுக்கு ஆள் வந்து அவளைத் தூங்கவைக்கப் போட்டி போடுகிறார்கள். அன்லிமிடெட் அர்த்தநாரி ஐயா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டுகிறார். பாப்பாவுக்குத் தனிக் குடம் வந்துவிட்டது. முதல் குடம் அதுதான்.

எனக்கு மட்டும் தூங்காமலேயே தன் பேச்சில் பங்கு கொடுப்பாள். இத்தனை வார்த்தை எனக்கு ஏது என்று நினைத்தீர்கள்?

தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஐயா நடுவில் நடுவில் என்னைப் பார்த்துக் குழைவார், "அம்மிணி, தாலாட்டறதுக்குத்தான் கேக்கறேன், பேரு என்னன்னு சொன்னீங்க?" என்பார். நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்வதாக இல்லை. பாப்பா என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பாள்.